கைநாட்டுக் கடன்

திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தகப்பனார் கைநாட்டு வைக்கிறார். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? எழுதியவருக்குத்தான் வெளிச்சம்! படித்துப் பார்க்கத் தெரியாதவர் கணக்குக் கேட்பது எப்படி? கடன் தீராது, பையனும் கல் அடுக்க வருகிறான். பள்ளிக்கூடம் போகாத அவனும் நாளை அதே நோட்டில் பெருவிரலை அழுத்துவான்.

பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பது செல்லாது என்று 1933-லேயே சட்டம் வந்தது. 1976-ஆம் வருடச் சட்டமோ கொத்தடிமைக் கடன் அனைத்தையும் ரத்துச் செய்தது. ஒரு காசுகூடத் திருப்பித் தர வேண்டியதில்லை!

இதை அவருக்கு யார் படித்துச் சொல்வது? படித்த நாம்தான், நேயர்களே! சூளையில் பிள்ளைகளைக் கண்டால் 1098-க்கு டெலிபோன் செய்யுங்கள். அதற்குக் காசு கிடையாது.