பழைய காருக்குப் புது ரேடியேட்டர்

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் அதைப் பிள்ளைபோல் பேணுவோர் இன்றும் உண்டு. சித்திரை வெயிலில், நெரிசலில் ஊர்ந்தால் வண்டி கொதித்து நின்றுவிடுகிறதே என்பதுதான் அவர்கள் கவலை. செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, இக்காலத்து அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்தலாமா?

பொருத்தலாம், அவசரம் கூடாது. முதலில் அடைப்பை எடுத்து, விசிறி பெல்ட்டையும் தெர்மோஸ்டாட்டையும் சோதியுங்கள். அப்போதும் தீராவிட்டால் மாற்றுங்கள். மூடியின் அழுத்தம் பழைய அளவை மீறினால் ரப்பர் குழாய்கள் தாங்கா. உப்புநீர் ஊற்றினால் அலுமினியம் அரித்துப்போகும், கூலண்ட் அவசியம்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள்: வண்டியின் தகட்டை வெட்டாதீர்கள், கழற்றியதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். நாளை வண்டியை அசல் உருவில் காண விரும்புகிறவருக்கு வழி அடைபடலாகாது.