கையெழுத்துக்கு முன் கிராம சபை!

2017 மார்ச் 27-ல் டில்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நமது மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் உரிமை ஜெம் லேபரட்டரீஸ் கம்பெனிக்குப் போயிற்று. ஒரு பக்கம் மத்திய சர்க்கார், மறு பக்கம் கம்பெனி. உழுகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் அதில் இடமேது?

சுற்றுச்சூழல் அறிக்கை உண்டே என்பார்கள். அதை எழுதும் ஆலோசகரை அமர்த்துவதும் கம்பெனி. பணம் தருவதும் கம்பெனி! முதலாளியின் கணக்குப்பிள்ளை போனஸ் தகராறுக்கு நடுவரானால் ஆலைத் தொழிலாளி ஒப்புவானா? போதாததற்கு, எண்ணெய் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாமென்று 2020 ஜனவரியில் விதியைத் திருத்தினார்கள்.

நெடுவாசல் மக்கள் பந்தலில் அமர்ந்து போராடினார்கள்; கம்பெனியால் வேலையைத் தொடங்க முடியவில்லை. 2020 பிப்ரவரியில் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தில் மீமிசல் அடங்கிய ஆவுடையார்கோவில் ஒன்றியமும் சேர்ந்தது. ஆனால், ஏற்கெனவே நடந்துவந்த திட்டங்களை அச்சட்டம் தொடாது. ஆகவே, விழிப்பு தேவை.

நாம் கேட்பது மூன்று. ஒப்பந்தத்தைத் தமிழில் கிராம சபையில் படிக்க வேண்டும். ஆலோசகரைக் கம்பெனி நியமிக்கக் கூடாது. மண்ணும் நீரும் கெட்டால் ஈடு தருவது யார் என்று அதிலேயே எழுத வேண்டும். அதன் பிறகே கையெழுத்து!