நிரல் ஓடினால் மட்டும் போதுமா?

நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் பாடம் எடுக்கும் மாணவர்கள் ஜாவா மொழியைக் கற்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கணினித் துறைக்கு வந்தால், பொருள்நோக்கு நிரலாக்கம் மீண்டும் எதிரே வந்து நிற்கும். “செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதித் தருகிறதே, நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?” என்று என் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அடிப்படையை நாமே கற்றாக வேண்டும் என்பதே என் கருத்து.

டச் அண்ட் கோ அட்டையை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டைக்கு எண் உண்டு, மீதத் தொகை உண்டு. பணம் ஏற்றலாம், டோல் சாவடியில் கட்டணம் கழியும். இப்படிப் பொதுவாக வகுத்து வைப்பதே ‘கிளாஸ்’, அதாவது வகுப்பு. உங்கள் பையில் ஒன்று, அக்காவின் காரில் ஒன்று எனத் தனித்தனியாக இருப்பவை ‘ஆப்ஜெக்ட்’, அதாவது பொருள்கள். உங்கள் அட்டையில் 8 ரிங்கிட், அக்காவின் அட்டையில் 40 ரிங்கிட். வரையறை ஒன்று, நிலை வேறு.

இதை முறுக்கு அச்சையும் முறுக்கையும் காட்டி விளக்குபவர்கள் உண்டு. தொடக்கத்துக்கு அது போதும். ஆனால், பிழிந்த முறுக்கு எதையும் நினைவில் வைத்திருக்காது. எதையும் மறுக்கவும் செய்யாது. நிரலில் உள்ள பொருளோ தன் மீதத் தொகையைத் தானே வைத்துக்கொள்கிறது. பணம் போதாவிட்டால் கழிக்க மறுக்கும்படி அதை நாம் எழுதலாம்.

‘என்கேப்சுலேஷன்’ என்பதன் பயன் இதுதான். தேர்வில் “தரவை மறைப்பது” என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடலாம். எதற்காக மறைக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? மீதத் தொகையை ‘பிரைவேட்’ என்று அறிவித்துவிட்டு, எந்தத் தொகையையும் அப்படியே பதியவிடும் ‘செட்டர்’ ஒன்றை அடுத்த வரியில் வைத்தால், கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்டது போலாகும். மீதத் தொகையை யார் வேண்டுமானாலும் -500 என்று மாற்றலாம். பிழைச் செய்தி எதுவும் வராது, நிரல் நன்றாகவே ஓடும்.

நிரல் எழுத உதவும் மென்பொருள்கள் இத்தகைய செட்டர்களை ஒரே சொடுக்கில் உருவாக்கித் தருகின்றன. ஆனால், இந்த அட்டைக்கு ‘பணம் ஏற்று’, ‘கட்டணம் கழி’ என்ற இரண்டு வழிகள் மட்டுமே போதும் என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நாம். அடிப்படை தெரியாதவருக்கு அப்படியொரு முடிவு தேவை என்பதே தெரியாது.

1960களில் நார்வேயின் ஓஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலகில் நடப்பவற்றைக் கணினியில் போலச்செய்து பார்ப்பதே அதன் நோக்கம். வகுப்பு, பொருள் ஆகிய கருத்துகள் அங்கிருந்து வளர்ந்தவை. ஜாவா 1995இல் வந்தது. மொழிகள் மாறினாலும் எவை எவை இருக்கின்றன, யார் எதை மாற்றலாம் என்ற கேள்விகள் மாறவில்லை.

“எனக்கு இது வராது” என்று முதல் பருவத்திலேயே மனம் தளர்ந்துபோகும் மாணவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. புரியும்படி ஒருவர் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளுக்கு என் யோசனைகள் மூன்று. முதலில், விசைப்பலகையைத் தொடுமுன் தாளில் கட்டம் வரைந்து, ஒவ்வொரு பொருளும் எதை வைத்திருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்து, நிரலை ஓட்டுமுன் விடையை ஊகியுங்கள். ஜாவாவில் ‘அட்டை2 = அட்டை1’ என்று எழுதினால் புதிய அட்டை பிறக்காது. வீட்டில் கூப்பிடும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரே ஆளைக் குறிப்பதுபோல, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் கிடைக்கும். ஒரு பெயர் வழியாக 5 ரிங்கிட் கழித்தால் மற்றப் பெயரில் பார்த்தாலும் தொகை குறைந்திருக்கும். தாளில் வரைந்தவர் இதை எளிதில் ஊகித்துவிடுவார்.

மூன்றாவதாக, கற்றதைத் தமிழில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் மனனம் செய்த வரையறைகள் தமிழில் சொல்லத் தொடங்கியதும் தடுமாறினால், எந்த இடம் புரியவில்லை என்று தெரிந்துவிடும். அதன் பிறகு செயற்கை நுண்ணறிவிடம் தாராளமாகப் போங்கள். அது எழுதித் தருவது சரியா, தவறா என்று அப்போது உங்களாலேயே சொல்ல முடியும்.