சிக்னல் இல்லாத ஊர்ல கியூஆர் கோடு எதுக்கு?

எங்க காலேஜ் லைப்ரரியில இப்போ அலமாரிக்கு அலமாரி கியூஆர் கோடு ஒட்டியிருக்காங்க. ஸ்கேன் பண்ணினா அந்த வரிசையில என்னென்ன புத்தகம் இருக்குன்னு போன்லயே தெரிஞ்சுடும். நல்ல விஷயம்தான். ஆனா நான் வால்பாறைக்காரன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறுறதுக்குள்ள சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். எங்க எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு மெசேஜ் அனுப்பணும்னாகூட மேட்டுக்கு ஏறணும். அங்க இந்த ஸ்டிக்கரை ஒட்டினா வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டம்தான்.

தப்பு கியூஆர் கோடு மேல இல்லைங்க. 1994-ல ஜப்பான் டென்சோ வேவ் நிறுவனத்துல மசாஹிரோ ஹாரா குழு இதை உருவாக்கினது கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. கோடைப் படிக்க இன்டர்நெட்டே வேண்டாம்; உள்ள நாம வைக்கிற லிங்க்குக்குத்தான் வேணும். ஒரு கோடுக்குள்ள அதிகபட்சம் 2,953 பைட் அடங்கும். யூனிகோடு தமிழ்ல ஒரு குறியீட்டுக்கு 3 பைட்னு வெச்சாலும், புத்தகத்தின் பெயர், அலமாரி எண், நாலு வரி அறிமுகம் எல்லாத்தையும் நேரடியா எழுத்தாவே வெச்சுடலாம். ரொம்ப அடைச்சா கட்டம் பொடியாகி ஸ்கேன் ஆகாது, அதனால நாலு வரியே போதும்.

அடுத்தது, ஒரு ராஸ்பெரி பை போர்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல கிடைக்கிற நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைக் கீழ இருந்தே இறக்கி அதுல ஏத்திட்டா, லைப்ரரிக்குள்ள அதோட வைஃபையில சேர்ந்து போன்லயே படிக்கலாம். டேட்டா செலவே இல்லை.

நம்ம ஸ்கூல் புத்தகத்துலயும் கியூஆர் கோடு இருந்துச்சு. எத்தனை பேர் ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம்? வீட்டுல ஸ்மார்ட்போனும் டேட்டாவும் இருந்தவங்க மட்டும்தான். சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல வெளியிட்ட ஐந்து நூலக விதிகள்ல, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறது நாலாவதுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும்ங்கிறது ரெண்டாவது. நாம நாலாவதுக்கு ஆப் செஞ்சுட்டு ரெண்டாவதை மறந்துடுறோம்.

கீபேட் போன் வெச்சிருக்கிற எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்குப் பழைய ரெஜிஸ்டரும், எடுத்துக் கொடுக்கிற நூலகரும் அப்படியே இருக்கணும். அதை எடுத்துட்டு ஸ்டிக்கர் ஒட்டுறது வசதி இல்லை, கதவடைப்பு.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு டைட்டில் தேடுற நண்பர்களே, இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் வேண்டாமே. இதைச் செய்யலாம். டெஸ்ட் பண்ண எங்க ஊருக்கு வாங்க, டீ நான் தர்றேன்.