கடல் கடக்கும் விமானத்தில் இருவர் காவல்

ஆகாய விமானத்திலேறி மகா சமுத்திரங்களைக் கடப்பது இக்காலத்தில் ஒரு விந்தையன்று. காலையில் லண்டன் நகரை விட்டுப் புறப்பட்டவர் அன்று மாலையே நியூயார்க் நகரில் இறங்கித் தம் அலுவல்களைக் கவனிக்கின்றனர். விமானமோ, வழியை ஒருமுறை குறித்துக் கொடுத்துவிட்டால், தானே அவ்வழியறிந்து செல்கின்றது. ஆகவே, கடலின்மீது பறக்கும் பல மணி நேரமும் விமானிகளுக்கு வேலை யாதொன்றுமில்லை யென்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணத்தினின்று மற்றொன்று முளைத்திருக்கின்றது. இன்று மிக நெடிய பிரயாணங்களில் மூவர் அல்லது நால்வர் விமானிகள் சென்று, முறை மாறி இளைப்பாறுகின்றனர். விமானி அறையில் இருவர் காவலிருத்தல் வழக்கம். உயரத்தில் நேராகப் பறக்கும் வேளையில் ஒருவர் காவல் போதும், மற்றவர் உறங்கலாம், அதனால் ஆள் குறையும், செலவும் குறையும் என்று விமானம் செய்வோரிலும் விமானக் கம்பெனியாரிலும் சிலர் கூறத் தொடங்கியிருக்கின்றனர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று என்பதே என் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க முயல்வேன்.

தரையின்மேற் பறப்பதற்கும் கடலின்மேற் பறப்பதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. தரையின்மேற் செல்லும் விமானத்தை ராடார் என்னுங் கருவி இடையறாது நோக்கிக்கொண்டிருக்கின்றது. விமானி வழி தவறினால் கீழிருப்போர் உடனே எச்சரிப்பர். எஞ்சின் பழுதுற்றால் அருகிலேயே ஒரு விமான நிலையம் இருக்கும். கரையை விட்டுச் சுமார் 200 கடல் மைல் சென்றபின் இவ்வுதவிகள் ஒவ்வொன்றாக நீங்கிவிடுகின்றன. தரையிலுள்ள ராடாரின் பார்வை அங்கு எட்டுவதில்லை; சாதாரண வானொலியின் குரலும் எட்டுவதில்லை. கீழே அடையாளமாகக் கொள்வதற்கு ஆறில்லை, மலையில்லை, ஊரில்லை. தான் எங்கிருக்கின்றேன் என்பதை விமானி தானே அறிந்து, தானே பிறர்க்கு அறிவித்தல் வேண்டும்.

இவ்வுண்மையை முன்னோடிகள் நன்கறிந்திருந்தனர். 1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அல்காக், பிரௌன் என்னும் பிரிட்டிஷார் இருவர், நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, சுமார் 16 மணி நேரம் இடைவிடாது பறந்து, அயர்லாந்திலே கிளிப்டன் என்னும் ஊரருகே சதுப்பு நிலத்தில் இறங்கினர். அட்லாண்டிக் சமுத்திரத்தை நில்லாமற் கடந்த முதல் விமானம் அதுவே. அல்காக் விமானத்தை ஓட்டினார். பிரௌன் வழி கணித்தார். கம்பியில்லாத் தந்திக் கருவி விரைவிலேயே பழுதுற்றது. மேகமும் பனியும் சூழ்ந்திருக்க, அவற்றினூடே எப்பொழுதேனும் தோன்றிய சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, பிரௌன் தம் இருப்பிடத்தைக் கணித்துக்கொண்டே வந்தார். ஓட்டுபவர் ஒருவர், கணிப்பவர் ஒருவர் என்னும் பாகுபாடு கடல் கடத்தலின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. கணிப்பு மாத்திரம் போதாது, பிறருடன் பேசவும் இயலவேண்டும் என்பதை 1937-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகம் துயரத்துடன் கற்றது. அமேலியா இயர்ஹார்ட் அம்மையாரும் அவருக்கு வழி கணித்த நூனனும் பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹௌலாந்து என்னுஞ் சிறு தீவை நாடிச் சென்றனர். தீவினருகே நின்ற கப்பலுக்கு அம்மையாரின் குரல் கேட்டது. கப்பலார் கூறிய மறுமொழியோ பயன்படும் வகையில் அவரை எட்டவில்லை. அவ்விருவரும் மீளவேயில்லை.

இனி, இக்கால முறையைக் காண்போம். வட அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேற்பாகத்தைக் கனடாவிலுள்ள காண்டர் நிலையத்தாரும், கீழ்ப்பாகத்தை ஷான்விக் எனப்படும் பிரிட்டிஷ், ஐரிஷ் நிலையத்தாரும் பெரும்பாலும் மேற்பார்க்கின்றனர். அங்கு உயரே வீசும் பெருங்காற்றின் போக்கை நோக்கி, நாள்தோறும் புதிய ஆகாயப் பாதைகள் வகுக்கப்படுகின்றன. அவ்வழிச் செல்லும் விமானம் ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகாட்டுங் கருவிகளை உடையதாயிருத்தல் வேண்டும்; நெடுந்தூரம் பேசுவதற்குரிய சாதனங்களும் வேண்டும். சிற்றலை வானொலியின் இரைச்சலைப் பல மணி நேரம் கேட்டுக்கொண்டிருத்தல் மனிதனால் இயலாதாகையால், தரையிலுள்ளோர் அழைக்கும்பொழுது மட்டும் மணியொலி எழுப்பும் ஓர் ஏற்பாடு உண்டு. அம்மணி ஒலிக்கின்றதா என்பதையும் முன்னதாகவே சோதித்தறிதல் வேண்டும்.

பாதையென்பது சில எண்களேயாம். இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை என்னும் எண்கள். அட்சரேகையில் ஒரு பாகை 60 கடல் மைலுக்குச் சமம். 52 என்பதற்குப் பதிலாக 53 என்று விரல் தவறி அழுத்திவிட்டால், கருவி சற்றுந் தயங்காமல், மிகத் துல்லியமாக, 60 கடல் மைலுக்கப்பாலுள்ள தவறான இடத்திற்கு விமானத்தைக் கொண்டுசேர்க்கும். அங்கே பிறிதொரு விமானத்தின் பாதை இருத்தலுங் கூடும். இது பற்றியே, வழியெண்களை ஒருவர் கருவியில் இட, மற்றவர் அவரை நம்பாமல் தாமே மூலத்தாளுடன் ஒப்புநோக்குதல் வேண்டுமென்று விதித்திருக்கின்றனர். ஒப்புநோக்கியபின் அத்தாளிலுள்ள எண்ணைச் சுற்றி வட்டமிடுவர். திசையும் தூரமும் பொருந்தினால் அவ்வட்டத்தின்மேற் சரிக்குறி இடுவர். அவ்விடத்தைக் கடந்தபின் குறுக்குக் கோடு கிழிப்பர். ஒவ்வொரு புள்ளியையுங் கடந்து சுமார் 10 நிமிஷத்திற்குப்பின், விமானம் உண்மையில் உரிய பாதையில் செல்கின்றதா என மீண்டும் ஒருமுறை பார்ப்பர். பள்ளிச் சிறுவன் கணக்கைச் சரிபார்ப்பது போன்ற இவ்வேலையைக் கண்டு நகைப்பவர், அடுத்து நான் கூறும் நிகழ்ச்சியைச் சிந்திப்பாராக.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, அலாஸ்காவிலுள்ள ஆங்கரேஜ் நகரினின்று சியோல் நகருக்குச் சென்ற கொரியன் ஏர்லைன்ஸ் விமானம் சோவியத் எல்லைக்குட் புகுந்து, போர்விமானத்தினால் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். சுட்டவர்களுடைய கொடுமை ஒருபுறமிருக்க, விமானம் அங்கே சென்ற காரணம் யாது? தானே ஓட்டுங் கருவி வழிகாட்டுங் கருவியுடன் இணையாமல், ஒரே திசையை மட்டும் பற்றிச் சென்றது. ஐந்து மணி நேரத்திற்கு மேலாக விமானிகள் அதனைக் கவனிக்கவில்லை. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனத்தார் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதுவே.

இங்கு எதிர்க்கட்சியார் ஒரு வினா எழுப்புவர்: “அவ்விமானத்தில் ஒருவரல்லர், மூவர் காவலிருந்தனர். மூவர் இருந்தும் காவாத உயிர்களை இருவர் எங்ஙனம் காப்பர்? மனிதனைக் குறைத்து இயந்திரத்தைப் பெருக்குவதன்றோ அறிவு?” இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆள் பலர் இருப்பதனால் மட்டும் காவல் உண்டாகிவிடாது. ஒருவர் செய்ததை மற்றவர் சோதிப்பதே காவலாகும். சோதனையில்லாத மூவர் ஒருவரே போல்வர். ஆயினும், இருவர் உள்ள இடத்தில் சோதனையை விதியாக்கலாம், பழக்கமாக்கலாம். ஒருவரே உள்ள இடத்திலோ, அவ்விதிக்கு இடமே இல்லை. தன் பிழை தன் கண்ணுக்குப் புலப்படாமை மனித இயல்பு. எழுதியவன் தன் எழுத்துப் பிழையைப் பன்முறை படித்தும் காணாதிருப்பதை மாணவர் அனைவரும் அறிவர்.

இயந்திரத்தின் பெருமையையும் நான் மறுக்கவில்லை. செயற்கைக் கோள்கள் இன்று விமானத்தின் இருப்பிடத்தை மிக நுட்பமாகக் காட்டுகின்றன. 2019-ஆம் ஆண்டு முதல், வட அட்லாண்டிக்கில் விமானங்கள் தாமே அனுப்பும் இருப்பிடச் செய்தியை வானிலிருந்தே பெற்றுத் தரைக்குத் தரும் ஏற்பாடும் நடைபெற்று வருகின்றது. ஆனால் இந்நுட்பமே ஒரு புதிய அபாயத்தை விளைத்ததென்பது வியப்பிற்குரியது. முற்காலத்தில் ஒரே பாதையிற் செல்லும் விமானங்கள் சிறிது இப்புறமும் சிறிது அப்புறமுமாகச் சிதறிச் சென்றன. இப்பொழுதோ ஒன்றன்மேலொன்றாக, 1,000 அடி இடைவெளியில், நூல் பிடித்தாற்போற் செல்கின்றன. அவற்றுள் ஒன்று உயரம் தவறினால் மற்றதன்மீது மோதுதல் எளிதாயிற்று. ஆதலால், பாதைக்கு வலப்புறமாக 2 கடல் மைல் வரையில் வேண்டுமென்றே விலகிச் செல்லுமாறு விமானிகளுக்கு முறை வகுத்தனர். கருவி மிகச் சரியாயிருப்பதனால் வரும் தீங்கை அக்கருவி அறியாது. மனிதன் சிந்தித்தே அறிந்தான்.

பாதை இவ்வாறாக, எஞ்சினைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். இரண்டு எஞ்சின்களையுடைய விமானம், ஓர் எஞ்சின் நின்றாலும் 60 நிமிஷத்திற்குள் ஒரு நிலையத்தை அடையக்கூடிய வழியிலேயே செல்லவேண்டுமென்று 1953-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தார் விதித்தனர். எஞ்சின்களின் உறுதி மெய்ப்பிக்கப்பட்டபின், 1985-ஆம் ஆண்டில் 120 நிமிஷமும், பின்னர் 180 நிமிஷமும், இன்று சில விமானங்களுக்கு 5 மணி நேரத்திற்கு மேலும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வனுமதி எளிதிற் கிடைப்பதன்று. நடுக்கடலில் விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்தால், சுமார் 10,000 அடி உயரத்திற்கு இறங்கவேண்டும். தாழப் பறக்குங்கால் எரியெண்ணெய் மிகுதியாகச் செலவாகும். அந்நிலையிலும் ஒரு நிலையத்தை அடைவதற்கு வேண்டிய எண்ணெயைப் புறப்படுமுன்னரே கணக்கிட்டு ஏற்றுகின்றனர். வரக்கூடிய கேட்டை வருமுன் எண்ணிப் பார்த்தல் என்பது இதுவேயாம்.

எனினும் கேடு எண்ணாத வாயிலாகவும் வரும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி, டொராண்டோவினின்று லிஸ்பனுக்குச் சென்ற ஏர் டிரான்சாட் விமானத்தில், பொருந்தாத உறுப்பொன்றை எஞ்சினில் இணைத்திருந்தமையால், எரியெண்ணெய் ஒழுகிற்று. ஒருபுறத்தில் எண்ணெய் குறைவதைக் கண்ட விமானிகள், ஒழுக்குக்குரிய பட்டியலை எடுத்து வாசியாமல், நினைவைக் கொண்டே மறுபுறத்து எண்ணெயைத் திருப்பிவிட்டனர். அதுவும் ஒழுக்கிலே சென்றது. எஞ்சின்கள் இரண்டும் நின்றன. அதன்பின் அவர்கள் சுமார் 19 நிமிஷம் எஞ்சினின்றியே மிதந்து வந்து, அஸோர்ஸ் தீவுகளிலுள்ள லாஜெஸ் நிலையத்தில் இறங்கி, 306 பேரையும் உயிருடன் காத்தனர். அத்தீரத்தை உலகம் புகழ்ந்தது; புகழ்ந்தது தகுமே. ஆயினும் பட்டியலை ஒருவர் வாசிக்க மற்றவர் செய்திருப்பின், அத்தீரத்திற்கு அவ்வளவு தேவை நேர்ந்திராது என்பதையும் மறத்தலாகாது. எண்ணெய் ஒழுகும் வேளையில் ஒருவர் விமானத்தை ஓட்டவும், ஒருவர் வாசித்துச் சிந்திக்கவும் வேண்டும். ஒருவரே இரண்டையுஞ் செய்வரோ?

கடற்பிரயாணத்திற்குரிய பிற சாதனங்களும் இவ்வகையில் இழப்பினின்றே கற்றவை. 2009-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, ரியோவினின்று பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக்கில் வீழ்ந்து 228 பேர் மாண்டனர். அதன் பதிவுக் கருவிகள் ஏறக்குறைய ஈராண்டுக்குப்பின், 2011-ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் கடலடியினின்று எடுக்கப்பட்டன. அக்கருவிகள் நீருக்குள் ஒலியெழுப்பும் காலம் 30 நாளாக இருந்தது, அதன்பின் 90 நாளாக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மலேஷிய விமானமொன்று 239 பேருடன் மறைந்தபின், சமுத்திரங்களின்மேற் செல்லும் பெரிய விமானங்களின் இருப்பிடத்தை 15 நிமிஷத்திற்கொருமுறை அறிதல் வேண்டுமென்னும் விதி 2018-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சில குடும்பங்களின் கண்ணீர் இருக்கின்றது.

மேற்கூறிய ஏர் பிரான்ஸ் விமானமே, இருவர் காவலின் அருமையையும் அதன் குறையையும் ஒருங்கே காட்டுவது. தலைமை விமானி இளைப்பாறச் சென்றிருந்தார். துணை விமானிகள் இருவர் ஆசனத்திலிருந்தனர். வேகத்தை அளக்குங் குழாய்களைப் பனி அடைக்கவே, தானே ஓட்டுங் கருவி தன் வேலையை மனிதர் கையில் விட்டு விலகிற்று. ஒருவர் விமானத்தின் முகத்தை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்ததை மற்றவர் தெளிவாக உணரவில்லை. ஏறக்குறைய நான்கரை நிமிஷத்தில் யாவும் முடிந்தன. இதனை நோக்குவார் ஒன்றை உணர்வர்: இயந்திரம் எளிய வேலை முழுவதையும் தான் செய்துவிட்டு, மிகக் கடினமான நிமிஷத்தில், முன்னறிவிப்பின்றி, மனிதனிடமே திருப்பித் தருகின்றது. அந்நிமிஷத்தில் தனியே விழித்திருப்பவர் ஒருவர், உறங்கி எழுந்து வருபவர் மற்றொருவர் என்னும் நிலைமை, இருவர் விழித்திருந்த நிலைமையினும் மேலானதாகுமா? ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனத்தார் செய்வித்த ஆராய்ச்சியும், இருவர் காவலுக்குச் சமமான பாதுகாப்பு ஒருவர் காவலில் உண்டென்பதை இன்றுள்ள கருவிகளைக் கொண்டு போதிய அளவு நிரூபிக்க இயலவில்லையென்றே 2025-ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. அம்முடிவு நிலைபெறுதல் வேண்டும். செலவைக் குறைக்க விரும்புவோர் வேறிடத்திற் குறைப்பாராக.

இக்கட்டுரையை வாசிக்கும் மாணவருள் விமானியாகப்போகிறவர் மிகச் சிலரே. ஆயினும், நோயாளிக்கு இரத்தம் ஏற்றுவோரும், பாலத்திற்குக் கணக்கிடுவோரும், பிறர் பணத்தைக் காப்போரும் நம்மிடையினின்றே தோன்றுவர். நான் செய்ததை மற்றவர் சோதிப்பது எனக்கு அவமானம் என்னும் எண்ணம் நம் நாட்டில் கற்றோரிடத்தே வேரூன்றியிருக்கின்றது. பல்லாயிர மணி நேரம் பறந்த தலைமை விமானி, தம்மினும் மிக இளையவர் தம் எண்ணைச் சோதித்து வட்டமிடும்வரை காத்திருக்கின்றார். இளையவரும் அஞ்சாமல் பிழையைச் சுட்டிக் காட்டுகின்றார். அவ்விருவருக்கும் கீழே கரை காணாத கடல் கிடக்கின்றது. பின்னே முந்நூறு உயிர்கள் அமைதியாக உறங்குகின்றன. அவ்வுறக்கத்திற்கு விலை அந்தச் சிறு வட்டமும் அதனை இடும் இரண்டாவது கையுமேயாகும்.