கட்டம் போட்ட துணியும் குலமும்

ஸ்கொட்லாந்து மலைநாட்டார் உடுக்கும் கம்பளிப் பாவாடையை நேயர்கள் படங்களிற் கண்டிருப்பர். சிவப்பும் பச்சையும் நீலமும் கட்டங்கட்டமாய் ஓடும் அத்துணிக்கு ‘டார்ட்டன்’ என்று பெயர். கட்டத்தைக் கண்டே உடுத்தவர் இன்ன குலத்தவர் எனச் சொல்லிவிடலாம் என்றும், அவ்வழக்கம் ஆதிகாலந்தொட்டு வருவது என்றும் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு பொருந்தும் என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

முதலில் நெசவு. பாவில் நிறங்கள் எவ்வரிசையில், எத்தனை இழைகளாய் நிற்கின்றனவோ, அவ்வரிசையிலும் அக்கணக்கிலுமே அவை ஊடையிலும் வரும். சிவப்பைச் சிவப்பு வெட்டும் இடம் தனிச் சிவப்பு. பச்சையைச் சிவப்பு வெட்டும் இடம் இரண்டும் கலந்த புதுச்சாயல். ஆகவே 2 நிற நூல்கள் 3 சாயல்களையும், 6 நிற நூல்கள் 21 சாயல்களையும் தரும். மாணவர்கள் தாளிற் கட்டம் கீறி இக்கணக்கைச் சரிபார்க்கலாம்.

இனிக் குலத்துக்கு வருவோம். 1746இல் கலோடன் போர்க்களத்தில் மலைநாட்டுக் கிளர்ச்சியாளர் தோற்றனர். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. படைவீரருக்கு விலக்கு இருந்தது. முதன்முறை அகப்பட்டவனுக்கு 6 மாதச் சிறை. மறுமுறை அகப்பட்டால் 7 ஆண்டு நாடுகடத்தல். 1782இல் தடை நீங்கியபோது, மறுக்கப்பட்ட துணி மானத்தின் சின்னமாகியிருந்தது.

அம்மானத்துக்கு ஏற்ற சரக்கை வணிகர் கொடுத்தனர். பனக்பேர்ண் என்னும் ஊரின் வில்சன் குடும்பத்து நெசவாளர் 1819இல் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் 200க்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. அவர்கள் நெய்த மாதிரிகளுட் பல முதலில் வெறும் இலக்கங்களாலேயே அறியப்பட்டு, பின்னரே குலப்பெயர் பெற்றன. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்த விழா இம்மோகத்தை மேலும் வளர்த்தது. 1842இல் இரு சகோதரர், பழைய ஏட்டிற் கண்டவை எனக் கூறிக் குலக்கட்டங்களை நூலாக வெளியிட்டனர். அது போலி என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆக, கட்டம் போட்ட துணி பழையது; குலத்துக்கொரு கட்டம் என்ற முறையோ பெரும்பாலும் புதியது.

இத்துணிக்கு உறவான ஒன்று நம் வீட்டுக் கொடியிலும் தொங்குகிறது. அதுவே ‘பளையகாட்’ எனப்படும் கட்டம் போட்ட சாரம். சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரே அவ்வாறு திரிந்தது. ஒல்லாந்தர் அங்கே 1613இற் கோட்டை கட்டித் துணி வாணிகம் செய்தனர்; 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அக்காலச் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பு ஊட்டியது சாயவேர். யாழ்ப்பாணப் பகுதியிலும் மன்னாரிலும் அவ்வேர் கிடைத்தது. அதைக் கிண்டிக் கொடுப்பது குறிப்பிட்ட சில குடியினரின் கட்டாய ஊழியம். வேரோ கம்பனியின் தனியுரிமை. 1868இல் ஜேர்மன் இரசாயன அறிஞர் அச்சிவப்பைச் செயற்கையாய் ஆக்கியபின் வேரின் மதிப்பு வீழ்ந்தது.

உடுத்தவர் குலத்தை டார்ட்டன் சொல்கிறது என்பர். வேர் கிண்டியவர் குலத்தை நம் துணி சொல்லவில்லை. ஆயினும் அவர் கிண்டியதற்குக் காரணம் குலமே. துணியின் பேரால் குலம் பார்த்தலும் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. தோளிற் சால்வை இடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது என்று ஒரு சாரார் சாதியின் பேரால் தடுக்கப்பட்ட காலம் இக்குடாநாட்டில் இருந்தது. ஸ்கொட்லாந்தில் அத்தடையை இட்டவர் வென்ற பகைவர். அது 36 ஆண்டுகளில் நீங்கியது. இங்கே தடுத்தவர் அயல்வீட்டார். அது தலைமுறை தலைமுறையாய் நீடித்தது. சாதியின் பேரால் தடைவிதித்தலை இலங்கைச் சட்டம் 1957இலேயே குற்றமாக்கிற்று.

கட்டம் போட்ட சாரத்தையோ தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் உடுக்கின்றனர். தோட்டத்தில் நிற்பவரும் உடுக்கிறார், கந்தோரிலிருந்து வீடு திரும்பியவரும் உடுக்கிறார். அதன் நீலக் கட்டமோ பச்சைக் கட்டமோ எவருடைய குலத்தையும் சொல்வதில்லை. நமக்கு ஸ்கொட்லாந்தைப் போல் குலத்துக்கொரு துணி இல்லையே என்று பிள்ளைகள் கேட்பாராயின், அக்குறை நமக்கு வேண்டியதே என்று பெற்றோர் விடை கூறலாம்.