ஒரு நிமிடம் நாடியைப் பிடித்துப் பாருங்கள்

நாற்பதைத் தாண்டிய உம்மாமாரும் வாப்பாமாரும் இரத்தம் கொடுத்துப் பரிசோதிக்காத வீடு எங்கள் ஊர்களில் இன்று குறைவு. சீனி, கொலஸ்ட்ரோல் என்ற வரிசையில் இப்போது சி.ஆர்.பி.யும் ரிப்போர்ட்டில் வருகிறது. அந்தத் தாளுக்குக் கொடுக்கும் மதிப்பில் கால்வாசியைக்கூட நடைக்கும் ஓட்டத்துக்கும் நாம் கொடுப்பதில்லை என்பதே என் குறை.

சி.ஆர்.பி. என்பது ஈரல் உண்டாக்கும் ஒரு புரதம். 1930 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தில், நியூமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். உடலில் எங்காவது அழற்சி ஏற்பட்டால் இன்டர்லூகின்-6 என்ற பதார்த்தம் ஈரலைத் தூண்ட, இப்புரதம் பெருகும். காய்ச்சலோ பல் வீக்கமோ வந்தாலும் கூடும், சுகமானதும் இறங்கிவிடும். கவனிக்க வேண்டியது, வருத்தம் எதுவும் இல்லாமலே நெடுநாள் சற்றுக் கூடி நிற்பதைத்தான். லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இருதய ஆபத்து குறைவு, 3 இற்கு மேலே என்றால் அதிகம் என்று வைத்தியர்கள் கணிப்பார்கள். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் இன்டர்லூகின்-6 ஐச் சுரக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டை அலுமாரியில் பத்திரப்படுத்துவதால் எதுவும் குறையப்போவதில்லை.

இன்னோர் அளவு இருக்கிறது. அதற்கு ஊசி வேண்டாம், மணிக்கூடு போதும். வேகமாக நடந்து அல்லது ஓடி முடித்தவுடன் நாடித்துடிப்பை எண்ணி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ண வேண்டும். எத்தனை துடிப்பு இறங்கியது? 1999 இல் கிளீவ்லன்ட் கிளினிக் வைத்தியர்கள் 2,428 பேரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாக மட்டும் இறங்கியவர்கள் அடுத்த ஆறு வருடங்களில் இறக்கும் ஆபத்து, வயதையும் மற்ற நோய்களையும் கணக்கிலெடுத்த பின்னரும், மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அவர்களின் சராசரி வயது 57. எனவே அந்த 12 எங்கள் வயதுக்கான எல்லை அல்ல; ஒரு தவணைக்கு முன் எவ்வளவு இறங்கியது, இப்போது எவ்வளவு என்று பார்ப்பதே எங்களுக்குப் பயன்.

உயிரியல் படிப்பவர்களுக்கு இதன் காரணம் புதிதல்ல. ஓட்டம் நின்றதும் இதயத்தை அடக்குவது பரபரிவு நரம்பான வேகஸ். ஆனால் அதே நரம்பைத் தூண்டினால் அழற்சியும் தணிகிறது என்று 2000 ஆம் ஆண்டில் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். இரண்டு அளவுகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்று நினைக்க இது இடம் தருகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு நாடி விரைவாக இறங்குகிறது என்பதும் தெரிந்ததே.

உலக சுகாதார நிறுவனம் எங்கள் வயதினருக்கு நாளொன்றுக்கு சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது. உலகில் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 சதவீதமானோர் அதை எட்டுவதில்லை என்று 2016 ஆம் ஆண்டுத் தரவுகள் சொல்கின்றன. உயர்தரம் வந்துவிட்டால் எங்கள் நாளோ கதிரையிலேயே முடிகிறது: வகுப்பு, டியூஷன், பிறகு வீட்டில் படிப்பு. உடல் அல்லாஹ் தந்த அமானிதம் என்று மத்ரஸாவில் படித்தவர்கள்தானே நாங்கள்?

"பொம்பளப் பிள்ளை எங்கே ஓடுறது?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். வீதியில் ஓட எங்களுக்கும் விருப்பமில்லை. பாடசாலை விட்டபின் மைதானத்தை ஒரு மணித்தியாலம் திறந்து வைத்தால் போதும். உம்மாமாரும் வந்து நடக்கலாம். நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். மதில் ஏற்கெனவே போதிய உயரமாகத்தான் இருக்கிறது.